தலையாட்டிக்கு வாசித்துக் காட்டிய முதற்பக்கம்

சிவப்புப் பென்சிலின் கூர் என் எழுத்தொன்றின் மேல் வந்து நின்றது.

"இந்தச் சுருள் என்ன?" என்று கேட்டார் மார்செலா அக்கா.

"அது 'ஞ்' அக்கா. 'அஞ்ச வேண்டாம்' எண்டு எழுதியிருக்கிறன்."

"அப்பிடியெண்டால்?"

"பயப்பிட வேண்டாம் எண்டு அர்த்தம்."

"வெட்டும். பயப்பிடத்தான் வேணும். பயந்தால்தான் போனைக் கையில எடுப்பினம்."

தலைக்கு மேலே ரயில் ஒன்று போனது. மேசையில் இருந்த காப்பிக் கோப்பைகள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. எங்கள் அலுவலகம் தென் லண்டனில் ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்குள் இருந்தது. மழை பெய்தால் செங்கல் மணக்கும். ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாரும் அவரவர் கோப்பையைப் பிடித்துக்கொள்வோம்.

அவர் ஸ்பானிய மொழி வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், கொலம்பியாக்காரர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் அந்தப் பத்திரிகையைக் கடைகளுக்கு ஏற்றிச் செல்லும் வான் வண்டியின் சாரதி. ஸ்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. இப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் அடுத்த நாள் வரப்போகும் முதற்பக்கத்தின் மேல் குனிந்து, என் கோணல் கையெழுத்தை வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்தோம்.

போன கிழமை இந்தப் பத்தியில் வந்த, ஹொலண்டில் ரோசாப்பூத் தண்டுகளில் முள்ளு வெட்டிய என் வீரக் கதையை வாசித்துவிட்டு லண்டனின் மிச்சம் என்ற பகுதியிலிருந்து ஒரு வாசகி, "நீங்கள் எப்போதுதான் உருப்பட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். அம்மா, அந்த இடத்துக்கு அருகில் வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு விஷயம். அக்காவும் நானும் கதைத்தது ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலத்தின் மேல் ஸ்பானிஷ் தூவியிருக்கும்; என்னுடைய ஆங்கிலத்தின் அடியில் யாழ்ப்பாணம் பிடித்திருக்கும். ஆனால் என் காதுக்கு அவர் எப்போதும் எங்களுடைய தமிழில் கதைத்தது போலத்தான் கேட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"பாப்பம்"

அதற்கு முன் நான் லண்டனில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் விநியோக முகாமையாளராக இருந்தேன். அதாவது வான் ஓடினேன். ஒரு நகைச்சுவைப் பத்தியும் எழுதினேன். மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகும் வழியில் வாசகர்கள் தாண்டிச் செல்லும் பத்தி அது. பிறகு ஒரு நாள் பத்திரிகை நின்றுவிட்டது. வான் என் சொந்த வான் என்பதால் அதை மட்டும் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

அந்த நாட்களில் மார்செலா அக்கா மிச்சத்தில் தவம் அண்ணையின் கடைக்குள் ஒரு கட்டுப் பத்திரிகையோடு நுழைந்திருக்கிறார். தவம் அண்ணை மன்னார்க்காரர். பாரிஸில் பல காலம் இருந்துவிட்டு லண்டன் வந்து கடை போட்டவர். கல்லாவுக்கு மேலே மாதா படம், அதற்குக் கீழே போன் கார்டுகள், அதற்கும் கீழே அண்ணை.

அக்காவின் கணக்கு இதுதான். அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் அலுவலகங்கள் துப்பரவு செய்பவர்கள். விடியமுதல் பஸ் பிடிக்கிறவர்கள். பஸ்ஸுக்கு முன் பாலும் பாணும் வாங்க மூலைக் கடைக்குள் நுழைவார்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை எங்களுடைய ஆட்களின் கடை. அப்படியென்றால் பத்திரிகை இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

"உங்கட கவுண்டரில இதை வைக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"பாப்பம்," என்றார் அண்ணை.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். "ஏலாது, ஆனால் உன் முகத்தை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை." கொலம்பியாவில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த கிழமை வந்து நின்றார். "பாத்தனீங்களோ?" அதற்கு அடுத்த கிழமையும் வந்தார். "இப்ப பாத்தனீங்களோ?" கடைசியில் அண்ணை சிகரெட் பெட்டிகளைத் தள்ளி இடம் விட்டார். பிறகு எனக்குப் போன் எடுத்தார்.

"ஐசே, இஞ்ச ஒரு மனுசி வந்து நிக்குது. வெள்ளைக்காரி மாதிரி, ஆனால் வெள்ளைக்காரி இல்லை. விடாப்பிடியப் பாத்தால் எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு. லண்டன் முழுக்கக் கடையளுக்குப் பேப்பர் போடோணுமாம். உமக்கு வேலை இல்லைத்தானே? வாரும்."

நேர்முகத் தேர்வு பாண் அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நடந்தது.

"ஸ்பானிஷ் தெரியுமோ?"

"இல்லை."

"பத்திரிகை வாசிப்பீரோ?"

"நான் எழுதினதை மட்டும் வாசிப்பன்."

அவர் சிரித்துவிட்டார். "வான் இருக்கோ?"

"இருக்கு."

"நாளைக்கு வாரும்."

என் பெயர் ஜெயன். ஸ்பானிய மொழிக்காரர் நாக்கில் 'ஜ' நிற்காது. முதல் நாளிலேயே நான் 'ஹெயன்' ஆகிவிட்டேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். ஆறு மாதத்துக்குள், விளையாட்டுப் பக்கம் எழுதும் பெரு நாட்டுக்காரர் முதல் விளம்பரம் பிடிக்கும் எக்குவடோர்க்காரி வரை எல்லாருக்கும் அவர் அக்கா. ஒரு முறை வந்த விருந்தாளி, "அக்கா என்பது கொலம்பியாவில் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பட்டமா?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஓம், மிகப் பெரிய பட்டம்," என்றார் அக்கா.

மூலைக் கடை அச்சகம்

அக்கா தன் கதையை ஒரே இருப்பில் சொன்னவரல்ல. காப்பி குடிக்கும் நேரத்தில் துண்டு துண்டாக விழும். அவருடைய காப்பி கறுப்பு. அதில் தங்கள் ஊர்க் கருப்பஞ்சர்க்கரைக் கட்டியைப் போட்டுக் குடிப்பார். ஒரு நாள் அது முடிந்துவிட்டது. தவம் அண்ணையின் கடையிலிருந்து பனங்கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மணந்து பார்த்தார். கண்ணை மூடினார்.

"இது எங்கட சாமான்," என்றார்.

"இல்லை அக்கா, எங்கட சாமான்."

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்றிலிருந்து காப்பிக்குப் பனங்கட்டிதான்.

அவருடைய முதல் வேலை ஊரில் ஒரு சின்ன வானொலியில். காணாமற்போனவற்றின் அறிவித்தல்களை வாசிப்பது. காணாமற்போன மாடு, காணாமற்போன அடையாள அட்டை, காணாமற்போன புருஷன். "மாடு கிடைச்சிடும்," என்பார் அக்கா. "அடையாள அட்டையும் ஒரு மாதிரிக் கிடைச்சிடும்."

பிறகு செய்தி வாசிக்க விட்டார்கள். ஏதோ ஒரு செய்தியை வாசிக்க வேண்டாம் என்று நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த போன் அவருடைய அம்மாவின் வீட்டுக்கு வந்தது. "அதுக்குப் பிறகு டிக்கட் எடுத்தன்," என்றார். அந்த மாதிரிப் போனைப் பற்றி எங்களுடைய ஆட்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவர் காப்பியைக் கலக்கினார்.

லண்டனில் அவர் அலுவலகங்கள் துப்பரவு செய்தார். விடியற்காலை பஸ்ஸில் எல்லாரும் ஸ்பானிய மொழியில் செய்தி சொல்வார்களாம். எந்தச் சட்டம் மாறியது, எந்தக் கவுன்சில் என்ன கேட்கிறது, எந்த அரசாங்க உதவிப்பணம் நிற்கப்போகிறது. "பஸ் முழுக்கச் செய்தி இருந்தது ஹெயன். ஆனால் பாதி பிழை. பிழையான செய்தியைச் சொல்லுறவர்தான் சத்தமாச் சொல்லுவார்."

அதனால் ஒரு தாள் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் மட்டும். சரியான விவரம், சின்ன வசனம். அதைப் பிரதி எடுத்தது ஒரு மூலைக் கடையில். கடைக்காரர் எங்களுடைய ஆள், பெரிய மீசை. என்ன தாள், என்ன மொழி, ஏன் இத்தனை பிரதி என்று ஒரு நாளும் கேட்டதில்லையாம். ஒரு முறை அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டுப் பிந்திப் போனால், படுப்பதற்கு முந்தைய நாள் அவர் மறந்து விட்டுப்போன மூலத் தாளைப் பிரதி எடுத்து, மடித்து, பஸ்ஸுக்குப் போகிற பெண்களிடம் கொடுத்தே முடித்திருந்தார் அந்த மனிதர்.

பெயர் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாராம் அக்கா. ஒரு நாள் பார்த்தால் அந்தக் கடை தலைமுடி வெட்டும் கடையாகியிருந்தது. இன்றைக்கும் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளியின் மீசையைத்தான் முதலில் பார்ப்பார்.

தாள் பத்திரிகை ஆனது. பத்திரிகை இணையத்தளம் ஆனது. இணைய வானொலியும் வந்தது. அவரிடம் வேலை பழகியவர்கள் இப்போது பெரிய செய்தி நிறுவனங்களில் இருக்கிறார்கள். ஊடகத்தின் எதிர்காலம் பற்றிய விருந்துகளுக்கெல்லாம் அக்காவைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு விருந்துக்கு நான்தான் வானில் கொண்டுபோய் இறக்கினேன். பத்திரிகைக் கட்டு வாசனையோடு போய் இறங்கினார். அங்கே ஒரு கோட்டுக்காரர், "உங்கள் வாசகர்களை எங்கே சந்திக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

"இதே இடத்தில," என்றாராம் அக்கா. "விடிய வாங்கோ. இந்த மேசையைத் துடைச்சுக்கொண்டு நிப்பினம்."

வான்காரன் பரீட்சை

அக்காவிடம் ஒரு பரீட்சை முறை இருந்தது. செவ்வாய்க்கிழமை, பக்கம் அச்சுக்குப் போகுமுன், முதற்பக்கச் செய்தியை அலுவலகத்தில் விஷயம் மிகக் குறைவாகத் தெரிந்த ஆளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த ஆளுக்குக் கேள்வி வந்தால் செய்தி முடியவில்லை என்று அர்த்தம். நிருபர் திரும்பவும் போன் எடுத்து விடை தேட வேண்டும். கேள்வி வராவிட்டால் அச்சுக்குப் போகலாம்.

அந்தப் பதவிக்கு என்னோடு போட்டியிட ஒருவரும் இருக்கவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் காப்பியோடு என்னை இருத்தி, செய்தியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டே வாசிப்பார். முடிவில் "கேள்வி இருக்கோ?" என்பார். "வாசிக்கிற சனம் மூளை இல்லாத சனம் இல்லை, ஹெயன். நேரம் இல்லாத சனம். உமக்கு விளங்கினால் அவைக்கு நிண்டுகொண்டே விளங்கும்."

நல்ல முறைதான். அதில் ஒரே ஓர் ஓட்டை. அது என் கழுத்தில் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தான். வயதில் மூத்தவர் ஒருவர் அக்கறையாக ஒன்றைச் சொல்லும்போது தலையாட்டாமல் இருந்தால் அது மரியாதையில்லை. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பக்கவாட்டில் ஒரு மெல்லிய ஆட்டம். "கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ" என்று அர்த்தம். சில கார்களின் பின் கண்ணாடியில் ஒரு நாய்ப் பொம்மை இருக்குமே, அதுதான் நான். அக்கா அதை "முழுக்க விளங்கிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்.

என் மனைவி வதனிக்கு இந்த நோய் பற்றி நன்றாகத் தெரியும். "உங்கட தலைக்கும் காதுக்கும் இடையில லைன் இல்லை," என்பாள்.

நிருபர்களுக்கு என்னை மிகவும் பிடிக்கும். ஏன் பிடிக்காது? கேள்வியே கேட்காத பரீட்சகர். செவ்வாயில் அவர்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் ராசாக்கள்

இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய காலம் அது. ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கே தொடர்ந்து இருக்க வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கடைசி நாளும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அக்காவின் வாசகர்களில் நிறையப் பேர் முதலில் ஸ்பெயினுக்குப் போய், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு லண்டன் வந்தவர்கள். எங்களுடைய ஆட்களிலும் பிரான்ஸ், ஜெர்மனி, ஹொலண்ட் என்று சுற்றி வந்தவர்கள் குறைவா? முகத்தைப் பார்த்து ஐரோப்பியர் என்று ஒருவரும் நம்பாத இரண்டு கூட்டம்.

அக்கா கிழமைக்குக் கிழமை அதை முதற்பக்கத்தில் போட்டார். ஒரு பாஸ்போர்ட் படம், பக்கத்தில் ஒரு மணிக்கூடு. கிழமைக்குக் கிழமை எனக்கு வாசித்தார். நான் தலையாட்டினேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு.

என்னிடம் ஹொலண்ட் பாஸ்போர்ட்டும், முன்னர் அலைந்து எடுத்த நிரந்தர வதிவிட அட்டையும் இருந்தன. நிரந்தரம் என்று அச்சடித்துத் தந்தால் நிரந்தரம்தானே என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசி நாளுக்குப் பிறகு அந்த அட்டை செல்லாது, அதை வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்க வேண்டும் என்று அக்கா வாசித்தார். அதற்கும் தலையாட்டினேன்.

ஒரு நாள் காலையில் தவம் அண்ணை முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐசே, உம்மட பேப்பர் வந்த உடன முடியுது. பொம்பிளையள் ரெண்டு ரெண்டா எடுத்துக்கொண்டு போகுதுகள். என்னதான் போட்டிருக்கு?"

ஊடகத்துறையில் இருப்பவன் அல்லவா நான்? பாஸ்போர்ட்டையும் மணிக்கூட்டையும் ஒரு பார்வை பார்த்தேன்.

"அது விசாக்காரருக்கு, அண்ணை. எங்களுக்கில்லை. உங்களிட்ட பிரெஞ்சுப் பாஸ்போர்ட், என்னட்ட ஹொலண்ட். ரெண்டு பேரிட்டயும் நிரந்தர அட்டை. நாங்கள் ராசாக்கள்."

"அப்ப சரி," என்று சொல்லி, ராசாவுக்குச் சூடாக ஒரு மட்டன் ரோல்ஸ் எடுத்துத் தந்தார் அண்ணை.

அந்த ரோல்ஸைத் தின்றுகொண்டே அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் கேட்டார்கள். அங்கேயும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ரயில் போனது

கடைசி நாள் கிட்ட வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை. அக்கா வாசித்துக்கொண்டிருந்தார். பாதியில் ரயில் வந்தது. நல்ல நீளமான ரயில். எல்லாரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

ரயில் போய் முடிந்தது.

"நான் வாசிக்கேல்லை," என்றார். "நீர் எதுக்குத் தலையாட்டுறீர்?"

பெரு நாட்டுக்காரர் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

"ஹெயன், நீர் விண்ணப்பிச்சிட்டீரோ?"

தலை ஆடியது.

"வாயால சொல்லும்."

"இல்லை அக்கா. என்னட்ட நிரந்தர அட்டை..." என்று தொடங்கினேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வசனம் தானாக நின்றது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பென்சிலை மெதுவாக மேசையில் வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்கு வாசிச்சனான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஏதோ நினைத்தவராக, "உம்மட கடைக்காரர்மார்? அவை ஏதும் கேட்டவையோ?"

ராசாவுக்குத் தந்த மட்டன் ரோல்ஸ் ஞாபகத்துக்கு வந்தது.

"கேட்டவை."

"என்ன சொன்னீர்?"

"நாங்கள் ராசாக்கள் எண்டு சொன்னன்."

அக்கா எழும்பினார். முதலில் என்னுடைய போனைப் பிடுங்கி, அரசாங்கத்தின் செயலியை இறக்கினார். வானின் முன்பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை ஓடிப்போய் எடுத்து வந்தேன். செயலி பாஸ்போர்ட்டைப் படித்தது. பிறகு என் முகத்தைக் கேட்டது. வட்டத்துக்குள் முகத்தை வைக்கவும், அசைய வேண்டாம்.

அசைந்தேன். திரும்பவும் கேட்டது. திரும்பவும் அசைந்தேன். ஒரு போன் மரியாதையாக ஒன்றைச் சொல்லும்போது தலையாட்டாமல் எப்படி இருப்பது?

கடைசியில் அக்கா எனக்குப் பின்னால் வந்து, முடிவெட்டுகிறவர் பிடிப்பது போல இரண்டு கையாலும் என் தலையை இறுக்கிப் பிடித்தார். விரல்களில் பனங்கட்டி வாசம். போன் பச்சை, சிவப்பு, நீலமென்று மின்னி அடங்கியது. ஏற்றுக்கொண்டது.

"இப்ப மற்றவை," என்றார் அக்கா. "நாளைக்கு வாற பேப்பர் ஆரின்ர கடையளுக்குப் போகுது?"

"எங்கட ஆக்களின்ர."

"அப்ப முதற்பக்கத்தில ஒரு பெட்டி. தமிழில. எழுதும்."

"முதற்பக்கத்தில எங்க அக்கா இடம்?"

முதற்பக்கத்தில் ஒவ்வொரு கிழமையும் அவருடைய படத்தோடு ஒரு பத்தி வரும். அவர் எழுதும் பத்தி. வாசகர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அதன்மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டார். "என்ர மூஞ்சையை எடுத்திட்டு உம்மட எழுத்தைப் போடும்."

ஒரு மூச்சு வசனம்

அலுவலகக் கணினியில் தமிழ் எழுத்து இல்லை. ஏதோ ஒன்றை இறக்கிப் பார்த்தோம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கமாகப் போய் நின்றது. "கையால எழுதும், படம் எடுத்துப் போடுவம்," என்றார் அக்கா. அப்படித்தான் என் கையெழுத்தின் மேல் அந்தச் சிவப்புப் பென்சில் வந்து நின்றது.

நான் முதலில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் கேட்டார்.

"முதல் வசனம் என்ன சொல்லுது?"

"அன்பான வாசகப் பெருமக்களுக்கு வணக்கம் சொல்லுது."

"வணக்கத்தை நேரில சொல்லும். பேப்பரில இடமில்லை. ரெண்டாவது?"

"அது ஒரு பகிடி, அக்கா."

"என்ன பகிடி?"

சொன்னேன். சிரித்தார். பிறகு வெட்டினார். "அஞ்ச வேண்டாம்" போன கதை உங்களுக்குத் தெரியும்.

"இது ஆருக்கு?"

"பிரான்ஸ், ஜெர்மனி, ஹொலண்ட் பாஸ்போர்ட் வைச்சிருக்கிற எங்கட சனத்துக்கு."

"நிரந்தர அட்டை வைச்சிருக்கிற மடையன் என்ன செய்யிறது?"

"அவனும் விண்ணப்பிக்கோணும்."

"அதை முதல் வரியாப் போடும். சரி, போன் பாவிக்கத் தெரியாத அம்மா ஒராள் இருக்கிறா. அவ எங்க போறது?"

வழக்கம்போலத் தலையாட்டப் பார்த்தேன். அவருடைய கை என் தலையை நோக்கி வந்தது. நிறுத்திக்கொண்டேன். வதனிக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள் இன்னும் செய்யேல்லையோ?" என்ற அவளுடைய சத்தம் வளைவு முழுக்கக் கேட்டது. "இஞ்சருங்கோ, பேப்பர் காவுற மனுசன் பேப்பரில என்ன கிடக்கெண்டு பாக்கிறேல்லையோ?"

"அது ஸ்பானிஷிலயப்பா."

"நான் தமிழிலதானே எத்தினை தரம் சொன்னனான்! நீங்கள் தலையாட்டினீங்கள்!"

ஆனாலும் என் மனைவி நல்லவள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் தானும் தன் சிநேகிதிகளும் போன்களோடு இருப்பதாகச் சொன்னாள். பங்குச் சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், கேட்டாள், சொன்னாள். அது பெட்டியின் கடைசி வரி ஆனது.

பிறகு அக்கா என்னை எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மொழி தெரியாதவர் என் வாயைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த இடத்தில ரெண்டு தரம் மூச்செடுத்தனீர். நீளம். உடையும்." உடைத்தேன். இன்றைக்கும் இந்தப் பத்தியை எழுதும்போது மூச்சுப் பிடித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீளமான வசனம் வந்தால் அது என் பிழை, அக்காவுடையதல்ல.

மாதாவுக்குப் பின்னால்

அடுத்த நாள் கட்டுகளை வாசலில் போட்டுவிட்டு ஓடவில்லை. ஒவ்வொரு கடைக்குள்ளும் போய், "நான் சொன்னது பிழை, இதை வாசியுங்கோ," என்றேன். நான் முன்பு சத்தமாகச் சொன்னதை இப்போது இன்னும் சத்தமாகத் திருத்த வேண்டியிருந்தது. எட்மண்டன் பகுதிக் கடையில் ஒருவர் என்னை ஏசினார். சட்டன் பகுதிக் கடையில் ஒரு தங்கச்சி அழுதாள்; அவளுடைய அப்பா ஜெர்மன் பாஸ்போர்ட், அவரிடமும் அதே அட்டை.

தவம் அண்ணை பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"ஐசே, இது உம்மட கோழிக் கிறுக்கல் எல்லோ?"

வாசித்தார். முகம் மாறியது.

"நாங்கள் ராசாக்கள் எண்டனீர்."

"ராச்சியம் போயிட்டுது அண்ணை. பாஸ்போர்ட்டை எடுங்கோ."

அவர் மாதா படத்தைக் கழற்றினார். அதன் பின்னால்தான் பாஸ்போர்ட் இருந்தது. அங்கேயே கல்லாவுக்குப் பக்கத்தில் விண்ணப்பித்தோம். முகத்தை வைக்கும் இடம் வந்தது. அண்ணையும் எங்களுடைய ஆள்தானே, தலை நிற்கவில்லை. பால் போத்தலோடு வரிசையில் நின்ற துப்பரவு வேலைக்காரப் பெண் ஒருவர், ஸ்பானிய மொழிக்காரர், நடப்பதைப் பார்த்தார். பாலைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த போனை வாங்கி அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்டிப்பாக ஏதோ சொன்னார். நான் அண்ணையின் தலையைப் பிடித்தேன். போன் மின்னி அடங்கியது.

"என்னவாம் சொன்னவ?" என்று கேட்டார் அண்ணை.

"தெரியாது அண்ணை. ஆட வேண்டாம் எண்டுதான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. என் கிறுக்கலைப் பெட்டியோடு கிழித்து, மடித்து, கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். சட்டன் தங்கச்சி தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்மண்டன்காரர் என்னோடு கதைக்காமலே தன் போனை வதனியிடம் நீட்டினார். பின்வரிசையில் அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். அவர் யார் என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஒரு ஆச்சி அவரிடம், "பிள்ளை, சீனி காணாது," என்று தமிழிலேயே சொன்னார். அக்கா சீனி போட்டார்.

சில காலம் கழித்துப் பதில்கள் வந்தன. எனக்கும் வந்தது, அண்ணைக்கும் வந்தது. இருக்கலாம் என்றார்கள். இருக்கிறோம்.

கேள்வி இருக்கோ?

இந்த வருடம் அக்கா ஆசிரியர் நாற்காலியை விட்டார். விளம்பரம் பிடிக்க வந்து, பிறகு செய்தி எழுதப் பழகிய அந்த எக்குவடோர்க்காரிதான் இப்போது ஆசிரியர். நல்லவர், என்னிடம் மிகவும் கண்டிப்பு.

அக்காவின் கடைசிச் செவ்வாய். வழக்கம்போல என்னை இருத்தினார். வழக்கம்போல முதற்பக்கம். அடியில் ஒரு சின்னச் செய்தி, இந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர் இன்றோடு விடைபெறுகிறார் என்று. அதையும் வாசித்தார், வேறு யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி போல. ரயில் வந்தது. கோப்பைகள் நடுங்கின. என் தலையைப் பிடிக்க இப்போது ஆள் தேவையில்லை. கல்லு மாதிரி வைத்திருந்தேன்.

"கேள்வி இருக்கோ?" என்றார்.

"இருக்கு அக்கா."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"இனிமேல் உங்களைத் தேடுற சனம் எங்க வாறது?"

"நல்ல கேள்வி," என்றார். "செய்தி முடியேல்லை." சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். புது ஆசிரியரிடம் நீட்டினார். அவர் வாசித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை தவம் அண்ணை கட்டின் கயிற்றை வெட்டினார். அக்காவின் படத்தைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"என்ன போட்டிருக்கு? வடிவாக் கேட்டுப்போட்டுச் சொல்லும், ஐசே."

"கேட்டிட்டன் அண்ணை. அக்கா ஆசிரியர் வேலையை விட்டிட்டா. ஆனால் செவ்வாய்க்கிழமையள் காப்பி குடிக்க அலுவலகத்துக்கு வருவா. ஆருக்கும் ஏதும் கேக்கோணுமெண்டால் அங்க வரலாம்."

அண்ணை தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்கோ," என்றேன்.

"விளங்குது, விளங்குது," என்றார். பிறகு தட்டுக்குப் போய் ஒரு பை பனங்கட்டி எடுத்து வந்து, பத்திரிகைக் கட்டின் மேல் வைத்தார். "செவ்வாய்க்குக் கொண்டுபோய்க் குடும்."